வெங்காய ஓடை வீட்டுக்காரி

பனிமழை பெய்து ஓய்ந்த வாரம். ஓக் மரக் கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்து பாதையெங்கும் கிடந்தன. மின்கம்பி அறுந்துபோனதில் ப்ளூ ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் யார் வீட்டிலும் விளக்கு இல்லை. சலீனா பள்ளிக்கூடச் சமையல்கட்டிலிருந்து வந்ததும் இரும்பு அடுப்பில் விறகைத் தள்ளினாள். பூட்ஸைக் கழற்றி, வீங்கிய பாதங்களைச் சூட்டுக்கு நேராக நீட்டிக்கொண்டாள். விடியுமுன் போனவள். கரண்டு இல்லை என்பதற்காகப் பிள்ளைகளுக்குப் பசிக்காமல் இருக்குமா? விறகடுப்பு மூட்டி, பீன்ஸ் வேகவைத்து, சோள ரொட்டி சுட்டுப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஜன்னலோர நாற்காலியில் ஈஸ்ட்மன் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஆக்ஸிஜன் உருளை. கல் குவாரியில் துளை போடும் வேலை அவருக்கு. வாலிபத்திலிருந்து அவர் தின்ற தூசு இப்போது அவரைத் தின்றுகொண்டிருந்தது. ஆடா ஆஸ்பத்திரி டாக்டர் கோடைகாலத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதிலிருந்தே புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் விஷயம் புரிந்திருந்தது.

"ஏ புள்ள, நான் போயிட்டா என்னை எங்க வைக்கிறதா உத்தேசம்?" என்று கேட்டார்.

"இப்பப் போக வேணாம். தரை இரும்பாட்டம் கெடக்கு. யாரும் குழி வெட்ட வர மாட்டாங்க."

ஈஸ்ட்மன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமானது. சலீனா எழுந்துபோய் முதுகை நீவிவிட்டாள்.

"வெளையாட்டுக்குச் சொல்லல. உங்க சர்ச் கல்லறை எனக்கு வேணாம்."

"ஏன், அதுக்கு என்ன கொறச்சல்?"

"அங்க இருக்கறது பூரா உங்க ஆளுங்க. உங்கம்மா, உங்க மாமன்மாரு, உங்க சித்தி. உங்கம்மா நெலத்துல, உங்கம்மா கட்டுன வீட்டுல வீட்டோட மாப்பிள்ளையா இருந்தாச்சு. செத்தப்புறமும் அப்படியே கெடக்கணுமா? அது பக்கத்துல படுத்தா அங்கயும் என்னைத் தண்ணி மொண்டுட்டு வரச் சொல்லும்."

"சொல்லட்டுமே. உங்களுக்கு வேற என்ன வேலை அங்க?"

"என் ஆளுங்களோட வையி என்னை."

நீவிக்கொண்டிருந்த கை நின்றது. "உங்க ஆளுங்க எங்க இருக்காங்க மேட்டி அப்பா?" என்று சலீனா கேட்டாள். பழைய வீட்டுப் பெண்களைப் போல அவளும் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். கலிபோர்னியாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட மகள் மேட்டியின் பெயரில்தான் இத்தனை வருஷமும் அவரைக் கூப்பிட்டு வந்தாள்.

"அதைத்தான் அக்காவத் தேடச் சொல்லியிருக்கேன்" என்றார் ஈஸ்ட்மன்.

ஈஸ்ட்மனின் அம்மா காசநோய் ஆஸ்பத்திரியில் செத்துப்போனபோது அவரும் அக்கா ஹெட்டியும் விடுதிப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். எங்கள் பூர்வகுடிப் பாஷையான சிக்கசாவில் ஒரு வார்த்தை பேசினால் வாயில் சோப்பைப் போட்டுத் தேய்த்த பள்ளிக்கூடம். சாவுச் செய்தியே தாமதமாகத்தான் வந்தது. வளர்ந்து, கையில் ஒரு வண்டி வந்த பிறகு, இருவரும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார்கள். புதைத்த இடத்தில் புல் வெட்டி மட்டமாக்கியிருந்தது. எது யார் என்று காட்ட அங்கே ஆளில்லை. 

அம்மா போய்விட்டாள். அம்மாவுக்கு முன்னால் யார்? அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பழங்கதை டஷ்காடபியும் அவர் மனைவியும். மிசிசிப்பியில் இருந்த நிலத்தை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு நம் ஆட்களை மேற்கே கிளப்பியபோது முதல் கூட்டத்தோடு வந்தவர்கள். வழியில் அம்மை கண்டு ஒரு பிள்ளை போனது. மிஞ்சிய பெண்குழந்தையோடு வந்து, இந்த ஓடைக் காடுகளில் மரக்கட்டை வீடு கட்டி, சோளம் விதைத்தார்கள். அந்தப் பெண்குழந்தையின் பேத்திதான் ஈஸ்ட்மனின் அம்மா. அவர்கள் இருவரும் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அவர்கள் காலடியில் தன்னை வைக்க வேண்டும் என்பதுதான் ஈஸ்ட்மன் கேட்டது.

சலீனாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. தாய் கிடக்கும் இடம் தெரியாத மனுஷனிடம் எப்படிச் சொல்வது? ஆனால் அம்மா பக்கத்தில் தனக்கென்று பார்த்து வைத்திருந்த இடமும், அதை ஒட்டி அவருக்கென்று பார்த்து வைத்திருந்த இடமும் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றன. தேடிப் போவோம், கிடைக்காமல் போகட்டும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததற்காக அன்றைக்கு இரண்டு தடவை ஜெபமும் பண்ணினாள்.

*

ஹெட்டி சனிக்கிழமை தோறும் தன் பழைய பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தாள். சல்ஃபர் ஊரில் ஒரு மோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கும் வேலை அவளுக்கு. கைகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். வந்ததும் தம்பியைப் பார்ப்பாள், அடுப்பில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்ப்பாள், பிறகு ஏதாவது சொல்வாள்.

"இதென்ன, பீன்ஸ்ல இவ்வளவு உப்பு? நுரையீரல்ல தூசு போதாதுன்னு ரத்தத்துல உப்பு வேறயா?"

"உங்க தம்பிதான் கேட்டாரு மதினி."

"கேப்பான். சாகப்போறவன் எல்லாத்தையும்தான் கேப்பான்."

"நான் இங்கதான் இருக்கேன் அக்கா" என்று ஜன்னலோரத்திலிருந்து குரல் வரும்.

டிஷமிங்கோ கோர்ட்டுக்கும் ஆடாவில் எங்கள் ஆட்களின் ஆபீசுக்கும் ஹெட்டி ஏற்கெனவே போய்ப் பழைய பதிவேடுகளைப் பார்த்து வந்துவிட்டாள். டஷ்காடபி என்ற பெயர் இங்கொன்றும் அங்கொன்றுமாக அகப்பட்டது. அவர் மனைவியின் பெயர் எங்கேயும் இல்லை. செத்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்பது பழைய வழக்கம். சொல்லாமல் சொல்லாமல் அவள் பெயர் இல்லாமலே போய்விட்டது. எனவே கல்லறைகளில் தேடுவது என்று முடிவானது.

மார்ச் மாதக் காற்றில் இரண்டு பெண்களும் கல்லறை கல்லறையாக அலைந்தார்கள். கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முட்செடிகளை விலக்கி, பாசி பிடித்த கற்களை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார்கள். ஐந்து நாள் நின்று சமைத்த கால்கள் சலீனாவுக்கு. ஹெட்டிக்கு இடுப்பு வலி. உட்காரக் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைப் பிட்டுத் தின்றார்கள். 

"ஜோடிக் கல்லாப் பாரு. ரெண்டு கல்லு பக்கத்துப் பக்கத்துல இருக்கணும். ஒத்தைக் கல்லெல்லாம் விட்டுத்தள்ளு" என்பாள் ஹெட்டி.

"சரி மதினி."

ஒற்றைக் கற்களை விட்டுத்தள்ளினார்கள். ஜோடிக் கற்கள் எல்லாம் வேறு யாரோ. வீடு திரும்பி ஈஸ்ட்மனிடம் இல்லை என்று சொல்லும்போது சலீனாவுக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கும், இன்னொரு பாரம் ஏறும்.  அவர் தன் தொப்பியை எடுத்துத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டச் சொல்வார்.

பெட்ரோல் போடும் இடத்தில்தான் துப்புக் கிடைத்தது. வாஷிட்டா ஆற்றுப் பள்ளத்தில் ரோடா கேனி என்று ஒருத்தி இருக்கிறாள், அவள் வீட்டுக் கொல்லையில் டஷ்காடபி என்று ஒரு பழைய கல் இருக்கிறது என்று அங்கே நின்ற ஒருவன் சொன்னான்.

*

அவர்கள் போன அன்று ரோடா வாசலில் பெரிய இரும்புப் பானை வைத்து பஷோஃபா காய்ச்சிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர்கள் சர்ச்சில் விருந்து. உடைத்த வெள்ளைச் சோளமும் பன்றி எலும்பும் கொதித்து, வாசனை சாலை வரைக்கும் வந்தது. ரோடா கனத்த உடம்புக்காரி. சலீனா வயதுதான் இருக்கும். கையில் இருந்த நீளத் துடுப்பை விடாமல் வந்தவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எலெக்‌ஷனுக்கு ஓட்டுக் கேட்டு வந்திருந்தா நான் ஏற்கெனவே ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லிட்டேன்."

"ஓட்டு இல்லம்மா. டஷ்காடபி கல்லைப் பாக்க வந்தோம். நாங்க அவரோட வம்சம்" என்றாள் ஹெட்டி.

"அப்படியா? வம்சம்னா வந்து கிண்டு. எனக்குத் தோள்பட்டை கழண்டு போச்சு. அடி பிடிச்சா ஊரே என்னைத்தான் பேசும்."

துடுப்பைச் சலீனாவிடம் கொடுத்துவிட்டு, ரோடா ஹெட்டியைக் கொல்லைக்கு அழைத்துப் போனாள். பானை பக்கத்திலிருந்தே எல்லாம் தெரிந்தது. பீக்கன் மரங்களுக்கு அடியில் கம்பிவேலி போட்ட சின்ன இடம். உள்ளே ஒரு வரிசைக் கற்கள். ஹெட்டி ஒன்றின் முன் குனிந்து துணியால் துடைத்தாள். பிறகு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள்.

"அவரு சம்சாரம் எங்க?"

"எந்தச் சம்சாரம்?"

"இவரு பெண்டாட்டி. மிசிசிப்பியில இருந்து கூட வந்தவ. நாங்க அவ வயித்துப் பிள்ளை வழி."

ரோடா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அவ எதுக்கு இங்க வர்றா? எங்களுக்கு அவ என்ன வேணும்? இது அவரு கூடப்பொறந்தவங்க எடம். இந்தக் கல்லு அவரு அக்கா, இது தங்கச்சி, இது தங்கச்சி மக. எங்க வீட்டுப் பொம்பளைங்க மாட்டு வண்டி கட்டிட்டுப் போயி அவரைத் தூக்கிட்டு வந்தாங்க. வழியில ஆறு பெருகி, ஒரு நாள் பூரா கரையில பொணத்தோட காத்துக் கெடந்தாங்களாம். எங்கம்மா அதைச் சொல்லும்போது இப்பத்தான் தலைதுவட்டிட்டு வந்த மாதிரி சொல்லும்."

"புருஷன் பொண்டாட்டியப் பிரிச்சா வச்சாங்க?"

"பிரிக்கிறதென்ன? அவரு பொறந்த எடத்துக்கு வந்தாரு, அவ அவளோட எடத்துல இருக்கா. ஆம்பளை பெண்டாட்டி வீட்டுல போயி இருப்பான், ஒழைப்பான், பிள்ளை பெத்துக் குடுப்பான். செத்தா அவனைப் பெத்த வீட்டுப் பொம்பளைங்க வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க. ஜோடியா வைக்கிறதெல்லாம் பாதிரியாருங்க வந்தப்புறம். இது தெரியாதா உங்களுக்கு? எங்க படிச்சீங்க நீங்க?"

ஹெட்டி படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள்.

"ஓ" என்றாள் ரோடா. அவள் குரல் தணிந்தது. "எங்கண்ணனும் அங்கதான். பாவம், கடைசி வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

பானையைக் கிண்டிக்கொண்டிருந்த சலீனா நின்றுவிட்டாள். கஞ்சி குமிழ் விட்டுத் தெறித்தது.

"கிண்டுங்கம்மா, கிண்டுங்க!" என்று கத்தினாள் ரோடா. கிட்டே வந்து துடுப்பை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அவளைத் தேடறதா இருந்தா அவ வீட்டுலயே தேடுங்க. அவளை எங்க வீட்டுல வெங்காய ஓடைக்காரின்னுதான் சொல்வாங்க. அந்தக் காலத்து ஆளுங்க வீட்டுக்குள்ளயே தரையத் தோண்டித்தான் வைப்பாங்க. அடுப்புக்குப் பக்கத்துல. செத்தவங்களுக்கும் குளிரும்ல?"

கிளம்பும்போது ஒரு தூக்குப் போகணி நிறையப் பஷோஃபா ஊற்றிக் கொடுத்தாள். "நோயாளிக்குக் குடு. உப்பு போடல" என்றாள்.

*

 திரும்பும் வழியில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது.

"வெங்காய ஓடைன்னா டாப்ஸோட மாட்டுப் பண்ணைக்குள்ள ஓடுதே, அதுதான்" என்றாள் ஹெட்டி. "சின்ன வயசுல சித்தி எங்களைக் காட்டு வெங்காயம் பிடுங்க அங்கதான் கூட்டிட்டுப் போகும். இடிஞ்ச புகைபோக்கி ஒண்ணு இருக்கும். அதுமேல ஏறி வெளையாடுவோம். ஒரு தடவைகூடச் சித்தி ஒண்ணும் சொல்லல."

"தெரிஞ்சிருக்காது."

"இல்ல, சொல்லக்கூடாதுன்னு இருந்திருக்கும்." ஹெட்டி கொஞ்ச தூரம் ஓட்டினாள். பிறகு, "அந்த ரோடா சொன்னது ஒனக்குக் கேட்டுச்சா? பொறந்த வீட்டுப் பொம்பளைதான் எடுத்துட்டுப் போறது. அப்ப ஈஸ்ட்மன் விஷயத்துல நான்தான் சொல்லணும். எங்கம்மாவுக்கு வேற பொண்ணு இல்ல" என்றாள்.

சலீனா மடியிலிருந்த தூக்குப் போகணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பத்தஞ்சு வருஷமா அவரு துணியத் தொவைச்சது யாரு மதினி? தூசும் சேறுமா வருவாரு. தொவைச்ச தண்ணி சுண்ணாம்புக் கரைசலாட்டம் இருக்கும். ராத்திரி முழுக்க முதுகைப் பிடிச்சிட்டு ஒக்காந்திருக்கறது யாரு?"

"தொவைச்ச துணியவா நான் கேக்குறேன்?"

"அந்தத் துணிக்குள்ள இருந்த ஆளைத்தான கேக்குறீங்க!"

 ஹெட்டி அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமலே வண்டியைத் திருப்பினாள். "நீயே அவன்கிட்டச் சொல்லு. இல்ல, ஒண்ணும் கெடைக்கலன்னு சொல்லணும்னாலும் சொல்லு. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள். அதை ஏன் சொன்னாள் என்று சலீனாவுக்குப் புரியவில்லை. கேட்பதற்குள் வண்டிக் கண்ணாடி ஏறிவிட்டது.

ஈஸ்ட்மன் பஷோஃபாவை ஊதி ஊதிக் குடித்தார். நாலைந்து கரண்டி குடித்ததே அந்த வாரத்தில் பெரிய விஷயம். "யாரு வச்சது? நம்ம ஊரு கைப்பக்குவம் இல்லயே" என்றார்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் முடிந்தது. மனுஷன் பெருமூச்சு விட்டுவிட்டு சர்ச் கல்லறைக்கே சரி என்பார். சலீனா அவர் முகவாயில் ஒட்டியிருந்த சோளத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மாட்டு வண்டி, பெருகிய ஆறு, பீக்கன் மரத்தடி, அடுப்புப் பக்கத்துத் தரை எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"அப்ப அவனும் வீட்டோட மாப்பிள்ளைதானா" என்றார் ஈஸ்ட்மன்.

*

ஹாஸ்கெல் டாப்ஸ் வெள்ளைக்காரர். அவர் அப்பா காலத்தில் அந்த நிலம் எப்படியோ கைமாறி வந்தது. எப்படி என்று நாங்கள் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. மற்றபடி நல்ல மனிதர். மரம் விழுந்து பாதை அடைத்தால் தன் டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்துப் போடுவார்.

சலீனாவும் ஹெட்டியும் போய்ச் சொன்னதும் அவர் தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தார். "புகைபோக்கிக்கு முன்னாலயா? வாங்க, காட்டறேன்."

கற்குவியல் பாதி சரிந்து கிடந்தது. அதற்கு முன்னால் மாடுகள் நக்குவதற்கான உப்புக்கட்டி ஒன்று. சுற்றிலும் குளம்பு மிதித்துச் சேறு. சேற்றுக்கு நடுவில் ஆள் நீளத்துக்கும் குறைவாக ஒரு பள்ளம்.

"இந்த ஒரு எடம் மட்டும் அமுங்கிட்டே இருக்கும்மா. எங்கப்பா காலத்துல இருந்து மண்ணு கொட்டுறோம். மழை பேஞ்சா மறுபடி எறங்கிடும். டிராக்டர் ஒரு தடவை சக்கரம் மாட்டி நின்னுச்சு. கெணறு எதாச்சும் தூர்த்திருப்பாங்கன்னு நெனச்சேன்." டாப்ஸ் உப்புக்கட்டியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். குனிந்து அதைத் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டார். "உப்ப நான் அந்தப் பக்கம் வச்சிடறேன். மாட்டுக்குச் சொல்லிப் புரிய வைக்கிறதுதான் கஷ்டம்."

ஹெட்டி புகைபோக்கிக் கல் ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு ஆளை இங்க வைக்க விடுவீங்களா?" என்று கேட்டாள். "என் தம்பி. இன்னும் உசுரோட இருக்கான்."

டாப்ஸ் உப்புக்கட்டியோடு நின்றார். "ஈஸ்ட்மனா? எனக்கு ஆட்சேபணை இல்ல. என் சம்சாரம் முணுமுணுப்பா. அவ எல்லாத்துக்கும்தான் முணுமுணுக்கறா. வேலி வேணும்னா கம்பி நான் தரேன்."

இவ்வளவு லேசாக நடந்துவிடும் என்று சலீனா எதிர்பார்க்கவில்லை. தடுப்பதற்கு இனி யாரும் இல்லை.

ஹெட்டி பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ பொண்ணு எந்த மண்ணுல கெடக்காளோ. பேத்தியும் அப்படித்தான். புருஷன் அவன் அக்கா தங்கச்சிகளோட மரத்தடியில சொகமா கெடக்கான். இவ மட்டும்..." பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்ட ஆரம்பித்தாள்.

*

ஏப்ரலில் வெயில் வந்தது. ரெட்பட் மரங்கள் இலைக்கு முன்னால் பூத்தன. ஈஸ்ட்மனுக்குக் கொஞ்சம் மூச்சு கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, மூன்று பேரும் ஹெட்டியின் பிக்கப்பில் வெங்காய ஓடைக்குப் போனார்கள். டாப்ஸ் வாயிற்கதவைத் திறந்தே வைத்திருந்தார். உப்புக்கட்டி தூரத்தில் இருந்தது. மாடுகள் பழக்கம் விடாமல் பழைய இடத்திலேயே நின்றன. ஹெட்டி தொப்பியை வீசி விரட்டினாள்.

ஈஸ்ட்மன் உருளையை இழுத்துக்கொண்டு நடந்தார். வண்டியிலிருந்து புகைபோக்கிக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் நின்றார். சலீனா தோள் கொடுத்துக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டாள்.

"நீ எங்க போற?"

"ஓடைக்கரையில வெங்காயம் நெறையா இருக்கு. பேசிட்டு இருங்க."

போய்விட்டாள். இனிப் பேசப்போவதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியாது. கரையில் மண்டியிட்டுக் காட்டு வெங்காயத்தைப் பிடுங்கலானாள். மெல்லிய தாள், விரல்நுனி அளவு கிழங்கு. ஒரு கூடைக்கு ஒரு மத்தியானம் வேண்டும். முட்டையோடு வதக்கினால் ஈஸ்ட்மனுக்கு உயிர். அடுத்த வருஷம் யாருக்கு வதக்குவது என்று நினைத்ததும் கை ஓய்ந்தது. காற்றில் அவர்கள் குரல் வந்தது, சொல் வரவில்லை. ஈஸ்ட்மன் இருமினார். ஹெட்டி ஏதோ சொன்னாள். 

ஹெட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி வந்தாள். சலீனாவுக்கு எதிரே சிரமப்பட்டுக் குந்தினாள். அவளும் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள்.

"அவரு எங்க?"

"வண்டியில கொண்டுபோய் ஒக்கார வச்சிருக்கேன். அசந்துட்டான்." ஹெட்டி மண்ணை உதறினாள். "அவன்கிட்டக் கேட்டேன். நீயே சொல்லு அக்கா, ஒனக்குத்தான் உரிமையாமேங்கறான். சின்ன வயசுலயும் இப்படித்தான். எதாச்சும் ஒடைஞ்சா, அக்கா சொல்லும்னு என் பின்னால ஒளிஞ்சுக்குவான்."

சலீனா அடுத்த கொத்தைப் பிடுங்கினாள்.

"என் புருஷன் க்ளைடு செத்தப்ப நடந்தது ஒனக்குத் தெரியும்ல. அவன் மொதச் சம்சாரத்துப் பிள்ளைங்க டெக்ஸாஸ்ல இருந்து வந்து, சவப்பெட்டியோட ஏத்திட்டுப் போயிட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. நான் மோட்டல் வாசல்ல நின்னு வண்டி போறதப் பாத்துட்டு, உள்ள போயி விரிப்பு தொவைச்சேன். வேற என்ன பண்றது?"

"தெரியும் மதினி."

"அன்னிக்கு வண்டியில நீ சொன்னியே, துணிக்குள்ள இருந்த ஆளைத்தான கேக்குறீங்கன்னு. ராத்திரியெல்லாம் அதான் காதுல கேட்டுட்டு இருந்துச்சு." ஹெட்டி கூடையில் கொத்தைப் போட்டாள். "அவனை ஒங்க சர்ச்சுலயே வையி. நான் எடுக்கல."

சலீனா நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. மண்கையால் துடைக்கவும் முடியவில்லை.

"அழாத. இரு, இன்னும் முடிக்கல. அவனுக்கு அவன் ஆளு ஒண்ணு பக்கத்துல வேணும். அதுக்குத்தான இத்தனை அலைச்சல்? இந்தக் கெழவியப் பாத்தா மனசு கேக்கல, ஆனா இவள எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்ச ஆளுன்னா உசுரோட இருக்கறது நான் ஒருத்திதான். நான் அவனுக்கு இன்னொரு பக்கம் படுத்துக்கறேன். ஒங்க சர்ச்சுல எடம் குடுப்பாங்களா?"

சலீனா மனசுக்குள் சர்ச் கல்லறையை அளந்து பார்த்தாள். அம்மா, அம்மாவுக்கு அடுத்து அவள், அவளுக்கு அடுத்து அவர். அதற்கு அந்தப் பக்கம் வேலி வரைக்கும் இடம் இருக்கிறது. சர்ச் மூப்பர் அவள் ஒன்றுவிட்ட அண்ணன்தான். கொஞ்சம் இழுப்பான். ஒரு தட்டு திராட்சைக் கொழுக்கட்டை கொண்டுபோனால் சரியாகிவிடுவான்.

"எங்கம்மாவுக்கு உங்களை ஆகாது மதினி."

"ஒங்கம்மாவுக்கு யாரைத்தான் ஆச்சு?"

"அங்க வந்தும் என்னை உப்பு அதிகம், உறைப்பு கம்மின்னு சொல்லிட்டே இருப்பீங்க."

"பின்ன? யாராச்சும் சொல்லணும்ல. அவன் சொல்ல மாட்டான். போடுறதத் தின்னுட்டுப் போயிருவான்."

"வேலியோரம்தான் இருக்கு. அந்தப் பக்கம் ரோடு. லாரி போகும்."

"மோட்டல்ல படுத்துப் பழகுனவ நான். லாரிச் சத்தம் இல்லன்னாத்தான் தூக்கம் வராது."

சலீனா தலையசைத்தாள். "சரி. நான் அண்ணன்கிட்டப் பேசறேன்."

கூடை முக்கால்வாசி நிறையும் வரை இருவரும் சேர்ந்தே பிடுங்கினார்கள். எழுந்திருக்க முடியாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். மேலே வரும்போது ஹெட்டி பள்ளத்தின் பக்கம் நின்று, குளம்பு கிளறிப் போட்ட மண்ணைக் காலால் தள்ளிச் சமன் பண்ணிவிட்டு வந்தாள்.

வண்டியில் ஈஸ்ட்மன் ஜன்னலோரத்திலிருந்து நடு இருக்கைக்குச் சரிந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப இருவருக்கும் மனசு வரவில்லை. ஹெட்டி ஸ்டியரிங் பக்கம் நுழைந்தாள். சலீனா கூடையை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஏறினாள். கதவு சாத்தவில்லை. இன்னும் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது.

"மேட்டி அப்பா, சித்த தள்ளுங்க."

ஈஸ்ட்மன் கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தார்.

"எங்கடி தள்றது? ரெண்டு பக்கமும் ஆளு."